இன்ஜின் விளக்கு எரியுது, வண்டி உதறுது: பழைய லோடு வண்டி வாங்கியவருக்கு முதல் பாடம்

சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வருகிறேன். ஆண்டிப்பட்டி கணவாய் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கிவிட்டது. மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி முதல் கியருக்கு வந்து நின்றது, டேஷ்போர்டில் மஞ்சளாக இன்ஜின் படம் போட்ட விளக்கு. மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். கோளாறு எண் ('கோடு') வந்தது: பி0087. "ரெயில் பிரஷர் லோ. பம்பு போச்சுண்ணே" என்றார் பையன். பம்புக்குச் சொன்ன விலையில் கன்றோடு ஒரு கறவை மாடு பிடித்துவிடலாம்.

கடைசியில் பார்த்தால் டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. ஒரு முழம் ஹோஸ், இரண்டு கிளாம்ப், ஒரு டீ. வேலை முடிந்தது.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. டீசல் பிரஷர் குறைந்திருக்கிறது என்றது, குறைந்துதான் இருந்தது. எதனால் குறைந்தது என்பதை அது சொல்லவே இல்லை. அதைப் பையன் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டார். பழைய மினி டிரக், பிக்கப் வாங்கி ஓட்ட வருபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது: கோடு என்பது கோளாறு உணரப்பட்ட இடம். கோளாறு பிறந்த இடம் அதற்கு நாலு அடி முன்னால் இருக்கலாம்.

உங்கள் வண்டி எந்தக் காலத்தது

எல்லா வண்டியிலும் கோடு வராது. 2005இல் வந்த முதல் டாடா ஏஸ், நாம் குட்டியானை என்கிறோமே, அதில் 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். பம்பு முழுக்க மெக்கானிக்கல். பழைய டாடா 407 லாரிகளும் அப்படித்தான். அவற்றில் ஸ்கேனரை எங்கே சொருகுவது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நாடு முழுக்க பிஎஸ் 4 புகை விதி கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 முதல், பிஎஸ் 6 கட்டாயமானது 2020 ஏப்ரல் 1 முதல். பிஎஸ் 4 டீசல் லோடு வண்டிகளில் பல, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில். அதற்கு முந்தையதில் இரண்டும் கலந்து கிடக்கும்.

பானெட்டை, அல்லது சீட்டைத் தூக்கிக் கண்ணால் பார்ப்பதே சுலபம். பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இரும்புக் குழாய் நேராகப் போனால் மெக்கானிக்கல். குழாய்களெல்லாம் ஒரு தடித்த இரும்புத் தண்டில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் பிரிந்தால் காமன் ரெயில். அந்தத் தண்டுதான் ரெயில்.

இன்னொரு சோதனை, வண்டி வாங்கும்போதே செய்ய வேண்டியது. சாவியை 'ஆன்' வைத்ததும் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் விளக்கு எரியவே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். பல்பைக் கழற்றிவிட்டோ கறுப்பு டேப் ஒட்டியோ விற்கும் ஆட்கள் உண்டு.

பிஎஸ் 6 வண்டிகளில் புகைவடிகட்டி, யூரியா எல்லாம் சேர்ந்து அது வேறு உலகம். இங்கே அதைத் தொடவில்லை.

கையில் என்ன வேண்டும்

கோடு படித்து ப்ளூடூத்தில் போனோடு பேசும் இஎல்எம் 327 அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சாக்கெட் டிரைவர் பக்க டேஷ்போர்டுக்குக் கீழே, 16 பின் உள்ளது. வாங்கும் முன் அந்த சாக்கெட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். 6ஆம், 14ஆம் துளைகளில் உலோகம் தெரிந்தால் கேன் லைன் (புதிய வகைத் தகவல் வயர்), ஏறக்குறைய எந்த அடாப்டரும் பேசும். அவை காலியாக இருந்து 7ஆம் துளையில் மட்டும் உலோகம் இருந்தால் பழைய கே லைன். மலிவு நகல்களில், குறிப்பாக 2.1 என்று போட்டு வருபவற்றில், பல இதோடு பேசாது. "வண்டி இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) செத்துப்போச்சு" என்று பயந்து வந்தவரின் அடாப்டர்தான் செத்திருந்தது, இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

24 வோல்ட் பெரிய லாரியில் கார் அடாப்டரைச் சொருகாதீர்கள், புகைந்துவிடும். குட்டியானை, பிக்கப் வகையெல்லாம் 12 வோல்ட்தான். சந்தேகமிருந்தால் பேட்டரியை எண்ணுங்கள்: இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாகக் கோத்திருந்தால் 24.

இதோடு ஒரு மல்டிமீட்டர், அரை மீட்டர் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸ், ஒரு அட்டைத்துண்டு, ஒரு நோட்டு. நோட்டுதான் எனக்கு ஸ்கேனரைவிட அதிகம் உழைத்திருக்கிறது.

கோடு பார்க்கும் முன் பேட்டரி

ஒரே நேரத்தில் ஆறேழு கோடு வந்து நின்றால் ஆறேழு பார்ட்ஸ் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். வோல்டேஜ் இறங்கினால் இசியுவுக்குக் கண் மங்கும், கண்டதையும் குறை சொல்லும்.

ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. அடுத்து எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து ஆளை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் துருவேறியிருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே பேசலாம்.

கோடு படிப்பது

அழிக்கும் பட்டனைத் தொடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவதும் பல வண்டிகளில் அதே அழிப்புதான். முதலில் வந்த கோடுகளை அப்படியே நோட்டில் எழுதுங்கள். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒன்று இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்: கோடு விழுந்த நொடியில் என்ன வேகம், என்ன ஆர்பிஎம், தண்ணி எத்தனை டிகிரி என்பதெல்லாம் அதில் உறைந்திருக்கும். என்னுடையதில் 2,600 ஆர்பிஎம், முழு லோடு, 88 டிகிரி. அதாவது டீசல் அதிகம் தேவைப்பட்ட நேரத்தில்தான் பற்றாக்குறை. ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் சும்மா ஓடும் ஐடிலில் இல்லை. பாதி விடை அங்கேயே கிடந்தது, நான்தான் படிக்கவில்லை.

முதல் எழுத்து பி என்றால் இன்ஜின், கியர் சம்பந்தம். யூ என்றால் கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சு அறுந்திருக்கிறது. அதற்கு அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொது, 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. பின்னதை இணையத்தில் தேடினால் வேறு வண்டியின் அர்த்தம் வந்து குழப்பும்.

அடிக்கடி வருபவை சில: பி0087 ரெயில் பிரஷர் குறைவு. பி0201, 0202, 0203, 0204 முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்காம் இன்ஜெக்டரின் கரண்ட் வழி. பி0335 இன்ஜின் சுழற்சியைப் பார்க்கும் கிராங்க் சென்சார், பி0340 கேம் சென்சார். பி0401 இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடும் அமைப்பு) போதவில்லை. பி0299 டர்போ காற்று போதவில்லை. பி0562 வோல்டேஜ் குறைவு. இது மற்றவற்றோடு கூட்டாக வந்தால் மற்றவற்றை ஓரமாக வைத்துவிட்டு இதைப் பாருங்கள்.

'லைவ் டேட்டா'வில் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். விடியற்காலை இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது தண்ணி டெம்பரேச்சரும் காற்று டெம்பரேச்சரும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் திருமங்கலத்தில் பனி பெய்யவில்லை, அந்த சென்சார் வயர் அறுந்திருக்கிறது. சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் இன்டேக் பிரஷர் மதுரையில் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். அதே வண்டி கொடைக்கானலில் 80க்குச் சற்றுக் கீழே காட்டும், அது சரிதான். வெகுநேரம் நின்ற வண்டியில் ரெயில் பிரஷர் சைபர் பக்கம் இருக்க வேண்டும். நின்ற வண்டியில் நூறு, இருநூறு பார் காட்டினால் சென்சாரோ அதன் வயரோ உளறுகிறது.

பிரஷர் குறைவு: மலிவிலிருந்து தொடங்குங்கள்

பி0087க்கு என் வரிசை இது. டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், திறந்த பிறகு வண்டி நன்றாக ஓடினால், காற்று போகும் துளை அடைத்திருக்கிறது. செலவில்லாத சோதனை, யாரும் செய்வதில்லை.

பிறகு ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். டீசலுக்கு அடியில் தண்ணீர் தனியாகப் படியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இதைக் கட்டாயம் பாருங்கள். டம்ளரில் கறுப்பாகக் கசடு வந்தால் டேங்கே அழுக்கு. ஃபில்டரை மட்டும் மாற்றினால் புது ஃபில்டரும் பத்து நாளில் அடைக்கும்.

ஃபில்டர் புதியது, தண்ணீரும் இல்லை என்றால் கண்ணாடி ஹோஸ். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் லைனில் அதை இடையில் மாட்டி இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆன புதிதில் நாலு குமிழி வருவது சகஜம். ஓட ஓட சோடா மாதிரி வந்துகொண்டே இருந்தால் எங்கோ காற்று நுழைகிறது. இந்த வகைக் கசிவில் டீசல் வெளியே சொட்டாது, ஏனென்றால் அந்தக் குழாயில் இருப்பது தள்ளும் அழுத்தமில்லை, உறிஞ்சும் அழுத்தம். வண்டி நின்றதும் டீசல் டேங்குக்கே திரும்பிப் போய்விடும், காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கும். எனக்கு அந்த அறிகுறி கணவாய்க்கு மூன்று வாரம் முன்பே வந்தது. பேட்டரி வீக் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். டேங்குக்குள் மின் பம்பு வைத்த வண்டியில் மட்டும் இதே வெடிப்பு டீசலாகச் சொட்டும்.

இதற்கும் மேலே போனால்தான் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றி, அந்த இடத்தில் மெல்லிய டியூப் போட்டு, ஒரே அளவுள்ள சின்ன பாட்டில்களில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓட்டுவார்கள். பாட்டில்களில் ஒன்று மட்டும் சீக்கிரம் நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து பிரஷரைத் திருப்பி விடுகிறது. மெக்கானிக் கூட இருக்கும்போது செய்யுங்கள். பியசோ வகை இன்ஜெக்டரில் இந்த முறை கூடாது, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கன்ட்ரோல் வால்வு, பம்பு என்று பேச்சு எடுக்க வேண்டும்.

உதறல்: எந்த சிலிண்டர் சும்மா இருக்கிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

மெக்கானிக்கல் பம்பு காலத்து மேஸ்திரிகளுக்கு ஒரு வழக்கம். வண்டி மிஸ் அடித்தால் ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் ஸ்பேனரால் ஒரு சுற்றுத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் உதறல் கூடினால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் சோம்பேறி. கணக்கு சரியான கணக்கு. பழைய 407இல் இன்றும் செய்கிறார்கள்.

காமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. ஓடும் இன்ஜினில் ரெயில் பிரஷர் ஐடிலில் முந்நூறு பார் பக்கம், ஏற்றத்தில் ஆயிரத்தைத் தாண்டிப் போகும். உங்கள் பின் டயரில் இருப்பது ஏழு பார்கூட வராது என்று வைத்துப் பாருங்கள். தளர்ந்த நட்டிலிருந்து வரும் டீசல் ஊசி மாதிரித் தோலைக் குத்தி உள்ளே போகும். வெளியே கொசு கடித்த புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். அப்படி நடந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், "பிரஷரோடு டீசல் உள்ளே போயிருச்சு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கசிவு தேடுவதற்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள். அட்டைத்துண்டு அதற்குத்தான்: அட்டையை நகர்த்தினால் ஈரக்கோடு விழும்.

அதே கணக்கைக் காமன் ரெயிலில் கப்ளரால், அதாவது இன்ஜெக்டர் வயரின் பிளக்கால், போடலாம். இன்ஜினை அணையுங்கள். ஒரு இன்ஜெக்டரின் கப்ளரைக் கழற்றுங்கள். ஸ்டார்ட் செய்து கேளுங்கள். உதறல் கூடினால் அது உழைத்த சிலிண்டர். அதே உதறல் என்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள். அணைத்து, மாட்டி, அடுத்ததற்குப் போங்கள். ஓடும்போது கப்ளரைப் பிடுங்க வேண்டாம். இன்ஜெக்டருக்கு இசியு அனுப்புவது பேட்டரி வோல்டேஜைவிடப் பல மடங்கு. இந்த விளையாட்டில் பி0201 வகைக் கோடுகள் நீங்களே உண்டாக்கியவையாக விழும். அதனால்தான் முதலில் நோட்டில் எழுதச் சொன்னேன்.

எண்ணிக்கை பெரும்பாலும் பெல்ட் பக்கத்திலிருந்து தொடங்கும், அது ஒன்றாம் சிலிண்டர். தங்கள் வண்டிக்கு அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் நல்ல இன்ஜெக்டரைக் கழற்றுவீர்கள்.

சோம்பேறி சிலிண்டர் தெரிந்த பிறகும் இன்ஜெக்டர்தான் என்று உடனே சொல்ல முடியாது. மெக்கானிக்கிடம் அந்த இன்ஜெக்டரையும் பக்கத்து சிலிண்டருடையதையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள், செம்பு வாஷர் புதிதாக. கோளாறு இன்ஜெக்டரோடு சேர்ந்து நகர்ந்தால் இன்ஜெக்டர். பழைய இடத்திலேயே நின்றால் வயரிங், அல்லது அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் (காற்றை அழுத்தும் பலம்) இல்லை. பல வண்டிகளில் இன்ஜெக்டர் தலையில் அச்சிட்ட ஒரு எண்ணை இசியுவில் அந்தந்த சிலிண்டருக்கு எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் புது இன்ஜெக்டரும் உதறும். "கோடிங் பண்ணியாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

செம்பு வாஷர் விட்டுப்போயிருந்தால் ஐடிலில் 'சுக் சுக்' என்று சின்ன ரயில் சத்தம் வரும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரிக் கறுப்பு படியும். கம்ப்ரஷனுக்கு எளிய குறி, ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்திப் பார்ப்பது: புகை விட்டு விட்டுத் தள்ளினால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகப்படலாம். கோடே இல்லாமல் ஐடிலில் மட்டும் கேபின் ஆடி, ரேஸ் கொடுத்ததும் சரியானால் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள்.

காற்று, சூடு, எலி

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட் தூசியிலும் செங்கல் சூளைகளிலும் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரை ஏர் ஃபில்டர் தாங்காது. டர்போ ஹோஸ் மடிப்புகளில் ஆயில் ஈரம் தெரிந்தால் அங்கே கிழிசல் இருக்கும். இஜிஆர் கரி பிடித்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். தகடு வைத்து அடைக்கச் சொல்வார்கள், அதை நான் செய்வதில்லை. கோடு திரும்ப வரும், எஃப்சிக்கு (தகுதிச் சான்று) போகும்போது தலைவலி. நீலப் புகை ஆயில் எரிவது. காலையில் வரும் வெள்ளைப் புகையில் பச்சை டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல், ரேடியேட்டர் தண்ணி குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்.

சித்திரை வெயிலில் திடீரென்று அணைந்து, அரை மணி நிழலில் நின்றால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறதா? கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். அணைந்த அந்த நேரத்திலேயே ஸ்கேனர் வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஆர்பிஎம் சைபரிலேயே நின்றால் சென்சாரோ அதன் வயரோதான். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நல்லவனாக இருக்கும்.

நெல், கடலை, மாட்டுத்தீவனம் ஏற்றும் வண்டியில் எலி வரும். வயரிங் உறையைக் கடித்துவிட்டுப் போய்விடும். கோடு வந்து வந்து போனால், குழியில் இறங்கும்போது மட்டும் வந்தால், பார்ட்ஸ் வாங்கும் முன் வயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு கப்ளராக லேசாக ஆட்டிப் பார்ப்பதும் பலன் தரும், இன்ஜெக்டர் கப்ளர்களை விட்டுவிட்டு.

ஒர்க்‌ஷாப்பில் என்ன சொல்ல வேண்டும்

"வண்டி இழுக்கலண்ணே, பாருங்க" என்றால் அவர் தனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஏத்தத்துல, லோடோட, 2,500க்கு மேல போனாத்தான் இழுக்கல. ஐடில் நல்லா இருக்கு. காலைல செல்ஃப் நீளமா அடிக்குது. கோடு 0087 மட்டும். ஃபில்டர் போன மாசம் மாத்துனது." நல்ல மெக்கானிக் இதைக் கேட்டதும் கண்ணாடி ஹோஸைத் தேடுவார். இதைக் கேட்ட பிறகும் நேராகப் பம்பு விலை சொல்பவரிடம் "பம்பு போனதை எதை வச்சு பார்த்தீங்க?" என்று மரியாதையாகவே கேட்கலாம். கழற்றிய பார்ட்ஸைத் திருப்பிக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் கோடுகளை அழித்துவிட்டு, அவை விழுந்த அதே நிலைமையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ரிங் ரோட்டில் காலி வண்டியில் ஒரு சுற்று வந்து "சரியாயிருச்சு" என்பது சோதனை ஆகாது. நான் ஹோஸ் மாற்றிய வாரம் மறுபடி சின்னமனூர் போய் அதே எடை ஏற்றி, அதே கணவாயை மத்தியான வெயிலில் ஏறினேன். போனில் இசியு கேட்ட ரெயில் பிரஷரும் உண்மையில் கிடைத்த பிரஷரும் இரண்டு வரியாக ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மச்சான் அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். உச்சி தாண்டும்வரை இரண்டு வரியும் பிரியவில்லை.

"இறக்கத்துல பிரேக்கைப் பாரு மாமா" என்று போனை அணைத்தான்.